உப்புப் பார்க்காத மென்பொருள்: கும்பகோணத்தில் ஏழு நாள்

முருகன் அருளால் திருச்சியில் நான் இறங்கினேன். என் பெட்டி இறங்கவில்லை. "கம்ப்யூட்டர்ல வந்துடுச்சுன்னு காட்டுது மேடம்," என்றாள் கவுண்டரில் இருந்த பெண். "கண்ணுல காட்டலையேம்மா," என்றேன். அவள் நம்பிக்கையோடு திரையை என் பக்கம் திருப்பினாள். திரையில் பெட்டி வந்திருந்தது. நான்தான் அவசரப்பட்டுத் தரையில் தேடிக்கொண்டிருந்தேன்.

நான் வந்த காரியமும் இதே வகைதான். மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் எங்கள் முருகன் கோவில். அதன் அன்னதானச் சமையற்கட்டு பதினாறு வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. பள்ளிக்கூடம் பத்தாவதோடு என்னை விட்டுவிட்டது. அண்டாவும் கரண்டியும் விடவில்லை. போன வருடம் ஆலய நிர்வாகத்துக்கு நவீனமாக வேண்டும் என்று ஆசை வந்தது. பக்தர்கள் எந்தப் பந்தியில் சாப்பிடப் போகிறார்கள் என்று கைப்பேசியிலேயே பதிவு செய்ய ஓர் ஆப். சமையற்கட்டுச் சுவரில் ஒரு டேப்லெட். "மூன்றாம் பந்தி, இத்தனை பேர்" என்று அதில் எண் வரும். அதைப் பார்த்து நான் உலை வைக்க வேண்டும். கும்பகோணத்தில் எட்டுப் பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனி அதைச் செய்து தந்தது. அந்தக் கம்பெனியைப் பரிந்துரைத்தது நான். அவர்களுடைய இணையப் பக்கத்தில் பிள்ளையார் படம் இருந்தது, அதுதான் காரணம்.

தைப்பூசத்தன்று மூன்றாம் பந்திக்கு டேப்லெட் இருநூற்று முப்பது என்றது. வந்து உட்கார்ந்தவர்கள் முந்நூறு. காவடி தாமதமானதால் இரண்டாம் பந்திக்காரர்கள் பலர் மூன்றாம் பந்திக்கு மாறியிருந்தார்கள். ஆப் அவர்களைப் பழைய பந்தியிலிருந்து எடுத்தது. புதிய பந்தியில் சேர்க்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் உலகத்திலேயே இல்லை என்று முடிவு கட்டிவிட்டது. எழுபது இலைகளில் ஊறுகாய் இருந்தது, பொரியல் இருந்தது, சோறு இல்லை. வாசலில் செருப்பு குவிந்து கிடந்ததை நான் பார்த்தேன். பார்த்த பிறகும் திரையில் இருந்த எண்ணைத்தான் நம்பினேன். வயதான அம்மா ஒருவர் வெறும் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு, "பரவால்லம்மா" என்று சொல்லி எழுந்து போனார். அந்தப் "பரவால்ல" இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

பங்குனி உத்திரத்திலும் இப்படி நடந்தால் இனிப் பந்தியே கிடையாது, வாசலில் பொட்டலம்தான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. உட்காரவைத்து, இலை போட்டு, இன்னும் கொஞ்சம் என்று கேட்டுப் பரிமாறாமல், போகிறவர் கையில் பையைத் திணிப்பதை அன்னதானம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கும்பகோணத்திலிருந்து "சரிசெய்துவிட்டோம்" என்று மின்னஞ்சல் வந்தது. அடுத்த வாரம் மறுபடி "சரிசெய்துவிட்டோம்." அதற்கடுத்த வாரமும். மூன்று முறை சரியான ஒன்றை நேரில் தரிசிக்க வேண்டும் என்று தோன்றியது. கிளம்பிவிட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. மாசி மாதம். அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து நின்றது. சாலையில் பாதி பஸ்ஸுக்கு, பாதி நெல் காய. எங்கள் பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு குரங்கு குறுக்கே வந்தாலே ஊரெல்லாம் பேச்சாகிவிடும். இங்கே ஒரு பெண் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டு நிதானமாக நடக்கிறார்; பஸ்தான் ஒதுங்குகிறது. பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். காவிரியில் மணல் இருந்தது. என் தாத்தா இந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறினாராம். எந்த ஊர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே எதைப் பார்த்துக் கண் கலங்குவது என்ற தொல்லை எனக்கு இல்லை.

பாபநாசத்துக்கு முன்னால் டயர் பஞ்சர்.

"ஸ்டெப்னி இருக்குல்ல?" என்றார் கண்டக்டர்.

"இருக்கு. அதுவும் பஞ்சர்," என்றார் டிரைவர்.

"காலைல டிப்போவுல செக் பண்ணலயா நீங்க?"

"பண்ணேனே. இருக்கான்னு பாத்தேன். இருந்துச்சு."

பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. நான் போகிற கம்பெனிக்காரர்களுக்கு இந்த டிரைவர் உறவுக்காரராக இருப்பாரோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திருவிடைமருதூர் போனேன். ஆட்டோக்காரர் வாசலிலேயே எச்சரித்தார். "அம்மா, கெழக்கு வாசல்ல போயிட்டு அதே வழியா திரும்பி வந்துடாதீங்க. ராஜாவ புடிச்ச பிரம்மஹத்திப் பாவம் இன்னும் அங்கதான் ஒக்காந்திருக்கு. வந்தா மறுபடி புடிச்சுக்கும். நீங்க மேற்கால வெளிய வாங்க, நான் வண்டிய அங்க கொண்டாந்துடறேன்."

மகாலிங்க சுவாமி முன்னால் நின்று எழுபது இலையையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மனசுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. சொன்னபடி மேற்கு வாசல் வழியாக வெளியே வந்தேன். பாவம் என்னைத் தொடரவில்லை. ஆட்டோவும் தொடரவில்லை. அவர் கிழக்கு வாசலிலேயே சீட்டில் படுத்துத் தூங்கியிருக்கிறார். இந்தக் கோவிலின் மதில் எவ்வளவு நீளம் என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் என் முழங்காலைக் கேட்கலாம்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனேன். பித்தளைப் பாத்திரக் கடைக்கு மேல் மாடி. உரிமையாளர் பிரபாகருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும், நெற்றியில் விபூதி, வாய் நிறைய "அக்கா." அவருடைய அப்பா ஒரு கோவில் மடைப்பள்ளியில் சமைத்தவர் என்று கேட்டதும் எனக்குப் பாதி கோபம் போய்விட்டது. அதற்காகத்தான் சொல்லியிருப்பார்.

அங்கே அஜைல் என்ற முறையில் வேலை செய்கிறார்கள். பெரிய வேலையைச் சின்னச் சின்னதாக நறுக்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் முடித்துக் கொடுப்பதாம். குறை சொல்ல முடியாத முறை. நானும் நறுக்கித்தான் சமைக்கிறேன். தினமும் காலையில் எல்லோரும் நின்றபடி பதினைந்து நிமிடம் பேச வேண்டும். அதற்கு ஸ்டாண்டப் என்று பெயர். உட்கார்ந்தால் பேச்சு நீண்டுவிடும் என்பதால் நிற்கிறார்களாம். அன்றைக்கு ஐம்பது நிமிடம் நின்றார்கள். அதில் பாதி, மத்தியானம் எந்த மெஸ்ஸில் சாப்பிடுவது என்பது.

சுவரில் ஒரு பலகை. அதில் மூன்று கட்டம்: செய்யணும், செய்யறோம், முடிஞ்சுது. என் எழுபது இலை ஒரு மஞ்சள் சீட்டாகி "முடிஞ்சுது" கட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதுன்னா என்ன தம்பி அர்த்தம்?" என்று கேட்டேன்.

"கோட் எழுதியாச்சுன்னு அர்த்தம் ஆன்ட்டி," என்றார் பாலாஜி. அந்தச் சீட்டு அவருடையது.

"எழுதினது சரியா ஓடுதான்னு யார் பாக்கறது?"

பாலாஜி, கூட வேலை பார்க்கும் விக்னேஷைப் பார்த்தார். விக்னேஷ் பிரபாகரைப் பார்த்தார். பிரபாகர் பிள்ளையாரைப் பார்த்தார். அப்போது விக்னேஷின் கைப்பேசி அடித்து எல்லோரையும் காப்பாற்றியது. யாரோ வெளிநாட்டு வாடிக்கையாளர். விக்னேஷ் ஆங்கிலத்தில் பேசியதில் எனக்குப் புரிந்த அளவு இது: "எங்கள் பக்கம் எல்லாம் பச்சையாக இருக்கிறது ஐயா. உங்கள் பக்கம்தான் ஏதோ சிவப்பு."

பலகையின் ஓரத்தை ஒரு தினசரி காலண்டர் மறைத்துக்கொண்டு தொங்கியது. நல்ல நேரம், ராகு காலம், சூலம் எல்லாம் போட்ட பெரிய காலண்டர். அதற்குப் பின்னால் நான்காவதாக ஒரு கட்டம் இருப்பது போலத் தெரிந்தது. நெருங்கிப் போய்த் தூக்கிப் பார்த்தேன். "பாக்கணும்" என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு சீட்டும் இல்லை.

"ஆணி அந்த இடத்துலதான் இருந்துச்சுக்கா," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அதுதான் நஸீமா. அதிராம்பட்டினத்துப் பெண், முப்பது வயதைத் தாண்டியவள், இங்கே லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள். கம்பெனியில் சோதனை செய்வதற்கென்று இருக்கும் ஒரே ஆள். அதோடு தொலைபேசி எடுப்பது, கூரியர் வாங்குவது, விருந்தாளி வந்தால் காபி சொல்வது. இந்த வேலைகளுக்கு நடுவில் நேரம் மிச்சமானால் சோதனை. நேரம் மிச்சமானதில்லை. மத்தியானம் எல்லோரும் மெஸ்ஸுக்குப் போனபோது அவள் வரவில்லை, ரமலான் நோன்பு. சாப்பாட்டு ஆப்பைச் சரிபார்க்க வேண்டிய ஒரே ஆள் பட்டினி இருந்தாள், சரிபார்க்காமல் விட்டவர்கள் எல்லோரும் மெஸ்ஸில் இட்லிக்குக் கடப்பா ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கடப்பா பிரமாதம். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் போட்ட அந்தக் குழம்பைப் பற்றி மனசாட்சியோடு வேறு எதுவும் சொல்ல முடியாது. அன்று மாலை என் பெட்டியும் வந்து சேர்ந்தது. கைப்பிடி மட்டும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பிரபாகர் எனக்குத் தன் கம்பெனியின் வழக்கத்தை விளக்கினார். புதிய பதிப்பு வெளியிடுவது எப்போதும் வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்தில். முதலில் அது இருக்கும் லேப்டாப்பைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துத் தேங்காய் உடைப்பார். அப்புறம் அனுப்புவது. வைத்ததற்கும் அனுப்புவதற்கும் நடுவில் யாரும் அதைத் தொடக் கூடாது.

"தொட்டுப் பாக்கவும் கூடாதா?"

"அக்கா, உங்களுக்குத் தெரியாததா? படையலுக்கு வைக்கறதுக்கு முன்னாடி உப்புப் பாப்போமா? எங்கப்பா முப்பது வருஷம் சமைச்சாரு, ஒரு நாளும் நாக்குல வச்சுப் பாத்ததில்ல."

"வைக்கறதுக்கு முன்னாடியாவது பாக்கலாமே தம்பி?"

"வைக்கற வரைக்கும் எழுதிட்டு இருப்பாங்கக்கா."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. எனக்குத்தான் தலை சுற்றியது. நானும் சாமிக்கு வைக்கிற எதையும் ருசி பார்த்தவள் இல்லை. அந்த ஒழுக்கம் எனக்கு உயிர். ஆனால் அந்தச் சலுகையை முருகனுக்குத்தான் கொடுத்தேன். முருகன் உப்பு கூடினாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். இவர் அதைத் தன் வாடிக்கையாளர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். நாங்கள் சாமிகளாக இருந்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை.

கிளம்பும்போது கையில் மஞ்சள் தடவிய பத்திரிகையைக் கொடுத்தார். "நாளைக்கு எம் பொண்ணுக்குக் காது குத்தறோம்கா. திருவிடைமருதூர்ல மண்டபம். நீங்க கட்டாயம் வரணும்."

"எத்தன இலை?"

"இருநூத்தம்பது வரும்."

"ரொம்ப சந்தோஷம். அப்ப பந்திய நம்ம ஆப்லயே போட்டுடுங்களேன். நீங்கதான் சரிபண்ணிட்டீங்களே."

விசைப்பலகைச் சத்தம் எல்லாம் நின்றது. பாலாஜி திரைக்குப் பின்னால் குனிந்தார். "அதுக்கு எதுக்குக்கா, வீட்டு விசேஷம்..." என்று ஆரம்பித்த பிரபாகர், எட்டு ஜோடிக் கண்கள் தன்மேல் இருப்பதைப் பார்த்து, "போடலாமே, அதுக்கென்ன," என்று முடித்தார். நஸீமா சட்டென்று கூரியர்க் கவர் ஒன்றை எடுத்து முகத்துக்கு நேராக வைத்துப் படித்தாள். கவர் காலி.

அன்று மாலைக்குள் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் வாட்ஸப்பில் சுட்டி போனது. எல்லோரும் பந்தி பதிந்தார்கள். நான் அதைக் குறும்பாகத்தான் கேட்டேன். இரவு படுக்கும்போது முருகனிடம், ஒன்றும் ஆகக் கூடாது அப்பனே என்றும் கேட்டேன். அவர் முதல் விண்ணப்பத்தைத்தான் எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை மண்டபத்தில் எல்லாம் தயார்: குழந்தை தயார், தாய்மாமன் மடி தயார், அழுகைகூடத் தயார். காது குத்தும் ஆசாரி இல்லை. அவர் வந்த பஸ், வைக்கோல் கட்டு சரிந்த டிராக்டருக்குப் பின்னால் ஆடுதுறையில் நின்றிருந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துகிற வரைக்கும் மாமன் வீட்டார் சாப்பிட மாட்டார்கள். ஆகவே முதல் பந்தியில் பதிந்திருந்த நாற்பது பேரும் கைப்பேசியை எடுத்து இரண்டாம் பந்திக்கு மாறினார்கள். நஸீமா சமையற்கட்டு வாசலில் நோட்டும் பேனாவுமாக நின்றாள்.

ஆசாரி வந்தார், குத்தினார், குழந்தை ஊரைக் கூட்டியது. இரண்டாம் பந்தி உட்கார்ந்தது.

சமையல் மாஸ்டர் டேப்லெட்டைப் பார்த்தார், கூடத்தை எட்டிப் பார்த்தார், மறுபடி டேப்லெட்டைப் பார்த்தார். "தம்பி, டப்பா தொண்ணூறுங்குது. தலை நூத்திமுப்பது இருக்கே?"

"சிஸ்டம் சரியாத்தான் காட்டும் மாஸ்டர்," என்றார் பிரபாகர். பாவம், தைப்பூசத்தன்று நான் எனக்கே சொல்லிக்கொண்ட அதே வார்த்தை.

கடைசி வரிசையில்தான் மாமன் வீட்டார். நடுவில் தாய்மாமன், பட்டு வேட்டி, தோளில் சரிகைத் துண்டு. இலையில் உப்பு, ஊறுகாய், இரண்டு பொரியல், அப்பளம், வடை எல்லாம் வந்தன. சாம்பார் வாளி வந்து, சோறு இல்லாததைப் பார்த்துத் திரும்பிப் போனது. தாய்மாமன் வடையைத் தின்றார். அப்பளத்தைத் தின்றார். பத்து நிமிடம் பொறுத்தார். பிறகு கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"மாப்ள, சோறு அடுத்த வெர்ஷன்லதான் வருமா?"

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். "ஏம்ப்பா, இவரு ஊருக்கெல்லாம் பந்தி போடற கம்பெனியாம்ல? மடியில புள்ளைய வச்சவனுக்கே இலை காயுது!"

சிரிப்பு எழுந்தது. பிரபாகர் சிரிக்க முயன்றார். வாய் வந்தது, கண் வரவில்லை. அவர் மனைவி தூணோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். அண்ணன் இலையில் சோறில்லை என்றால் அந்தப் பேச்சு எத்தனை விசேஷத்துக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். நான் ஜெயித்திருக்க வேண்டும், இல்லையா? அதற்குத்தானே திட்டம் போட்டேன்? எனக்குத் தைப்பூசத்துப் பந்திதான் தெரிந்தது. இங்கே யாரும் இலையை மடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சமையற்கட்டுக்குப் போய் அரிசி களைந்தேன். மாஸ்டர் ஒன்றும் கேட்காமல் பெரிய அடுப்பைக் கொடுத்தார்.

சோறு வேக இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் நஸீமா அடுப்புச் சூட்டில், நோன்பு வாயோடு, சுவரோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். எத்தனை குடும்பம் மாறியது, எந்த நிமிடம் மாறியது, அப்போது திரையில் என்ன எண். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க முடியாத பெண்ணின் பக்கத்தில் நான் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை யாரும் நிற்கவில்லை. எல்லோரும் உட்கார்ந்தார்கள். விஷயம் அரை மணி நேரத்தில் வெளியே வந்தது. பாலாஜி உண்மையிலேயே தவறைத் திருத்தியிருந்தார், மூன்று வாரம் முன்பே. அதற்கு மறுநாள் விக்னேஷ் தன் கணினியில் இருந்த பழைய பிரதியில் வேறொரு வேலையை முடித்து, அதை அப்படியே மேலே ஏற்றிவிட்டார். திருத்தம் அழிந்தது, பழைய தவறு திரும்பி வந்தது. இப்படியே மூன்று முறை. விரட்டப்பட்ட தவறு வாசலிலேயே உட்கார்ந்து காத்திருக்கிறது. இவர்களும் தினம் அதே வாசலில் போய் வருகிறார்கள். திருவிடைமருதூர் ஆட்டோக்காரர் இதைத்தான் சொன்னார். அவருக்கு அஜைல் தெரியாது.

"ஏத்தறப்ப பாலாஜிகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார் பிரபாகர்.

"ஸ்டாண்டப்ல சொல்லலாம்னு இருந்தேண்ணா. அன்னைக்கு மெஸ் பேச்சு ஓடிட்டிருந்துச்சு," என்றார் விக்னேஷ். காது சிவந்திருந்தது.

நஸீமா எழுந்தாள். மேசை இழுப்பறையிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். இரண்டு வருடமாக எழுதியது. ஒவ்வொரு பதிப்புக்கும் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாக. பந்தி ஆப்புக்கு மட்டும் நாற்பத்தொரு வரி. ஆறாவது வரி: "ஒரு குடும்பம் பந்தி மாறினால் புதிய பந்தியில் கூடுகிறதா?"

"ஏன் நஸீமா இத எங்கிட்ட காட்டல?" என்றார் பிரபாகர்.

"காட்டினேங்க. நல்ல நேரம் முடியப் போவுதுன்னு சொன்னீங்க."

பிரபாகர் எழுந்து போய் காலண்டரைக் கழற்றினார். எங்கே மாட்டுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். "பாக்கணும்" கட்டம் வெளியே வந்தது. பலகையில் அந்த இடம் மட்டும் புதுசு போல வெள்ளையாக இருந்தது.

அன்று மாலை நோன்பு திறக்க நஸீமா பள்ளிவாசல் கஞ்சி வாங்கி வைத்திருந்தாள். எனக்கும் ஒரு கிண்ணம். வெந்தயமும் இஞ்சியும் மணத்தன.

"ஒரு சந்தேகம்மா. வீட்ல நோன்போட இந்தக் கஞ்சி காய்ச்சறீங்களே, உப்பு எப்படிப் பாப்பீங்க?"

"நுனி நாக்குல வச்சுத் துப்பிடலாம்னு சொல்றவங்க உண்டுக்கா. எங்க உம்மா அதுவும் வேணாம்பாங்க. ஒரே சட்டி, ஒரே சிரட்டை அளவு. போட்ட உடனே 'போட்டுட்டேன்'னு சத்தமா சொல்லணும். இல்லாட்டி என் தங்கச்சி வந்து இன்னொரு சிரட்டை போட்ருவா."

"எங்க கோவில்லயும் அதேதான்! நான் கத்தினா நாலு பேரும் 'ஆச்சு'ன்னு திருப்பிச் சொல்லணும்."

"அப்புறம் வாசனை."

"கொதி. கொதிக்கிற சத்தமே மாறும்."

இரண்டு பேரும் சிரித்தோம். ருசி பார்க்கக் கூடாது என்ற கட்டளை இருக்கிற சமையற்கட்டில்தான் இத்தனை கண்ணும் மூக்கும் வேலை செய்கின்றன. இந்த ஆபீஸ் எங்கள் விரதத்தை மட்டும் கடன் வாங்கியிருக்கிறது, காவலை விட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் ஒன்பதேகாலில் இருந்து பத்தேகால் வரை. மறுநாள் எனக்கு விமானம். பாலாஜியும் விக்னேஷும் ஒரே கணினி முன்னால் உட்கார்ந்து, ஒருவர் செய்ததை மற்றவர் சத்தமாக வாசித்துச் சரிபார்த்து, முதல் நாள் இரவே திருத்தத்தைப் போட்டிருந்தார்கள். நஸீமா காலை ஏழு மணியிலிருந்து நோட்டைப் பார்த்து ஒவ்வொரு வரியாகச் சோதித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தால் பிரபாகர் எடுத்தார். அவருக்கு அந்தக் கருவியில் எதைப் பேசிவிட்டு எதை அழுத்துவது என்று தெரியவில்லை. இரண்டு வாடிக்கையாளர்களைத் துண்டித்தார்.

பத்து மணிக்குத் தேங்காய், கற்பூரம் எல்லாம் தயார். பிரபாகர் தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எத்தன ஆச்சு நஸீமா?"

"பதினெட்டுங்க. ஆறாவது சரியா வருது. ரெண்டு தரம் பாத்துட்டேன்."

"ஆறாவதுதானே அக்காவுக்கு வேணும்?"

"பதினாலாவது தப்பு வருதுங்க. ஒரே குடும்பம் ரெண்டு தடவ மாறினா கணக்கு ஒளறுது."

மணி பத்து பத்து. எனக்கும் மனசு இரண்டாகப் பிளந்தது. பரவாயில்லை கொடுங்கள், இரண்டு தடவை யார் மாறப் போகிறார்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெறும் கையோடு போனால் நிர்வாகத்துக்கு என்ன சொல்வேன்? பொட்டலம் மடிக்க ஆள் பார்த்துவிடுவார்கள். பிரபாகர் என் முகத்தைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். அவ்வளவு நேரம் எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டிருந்தவள், அந்த ஐந்து நிமிடம் அவர்களைவிட மோசமாக இருந்தேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

பத்தேகால் தாண்டியது. பிரபாகர் தேங்காயை மேசைமேல் வைத்தார். அது உருண்டது, பாலாஜி பிடித்தார்.

"அக்கா," என்றார் பிரபாகர். "இன்னும் ஆகல."

மூன்று மின்னஞ்சல், நான்கு நாள், ஒரு காதுகுத்து எல்லாம் சேர்த்து அந்தக் கம்பெனி எனக்குச் சொன்ன முதல் உண்மை அது. கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்தது. பக்கத்துக் கோவிலில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போடப் போனேன். எல்லோரும் ஒதுக்கி வைத்த நேரத்தை எடுத்துக்கொண்டவள் அவள். ஆகாத வேலையைப் பற்றி அவளிடம்தான் பேச முடியும்.

சனிக்கிழமை வெறும் கையோடு விமானம் ஏறினேன். ஊரில் நிர்வாகத் தலைவர், "போன காரியம் என்னம்மா ஆச்சு?" என்றார். "இன்னும் ஆகலன்னு சொல்லிட்டாங்க," என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையைச் சகிக்க ஏழு நாள் பயிற்சி போதவில்லை.

நான் திரும்பிய பதினோராம் நாள் ஆப் வந்தது. அதோடு நஸீமாவிடமிருந்து இரண்டு பட்டியல். ஒன்று, பார்த்தது. இன்னொன்று, பார்க்க முடியாதது. அதில் ஐந்து வரி. "சரிசெய்துவிட்டோம்" என்ற சொல் எங்கேயும் இல்லை. நான் நிர்வாகக் கூட்டத்தில் இரண்டாவது பட்டியலைத்தான் வாசித்தேன். நான்காவது வரி இது: "ஒரே பெயரில் இரண்டு குடும்பம் பதிந்தால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. வாசலில் ஓர் ஆளை நிறுத்திக்கொள்ளவும்." தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே," என்றார். பந்திக்கு அனுமதி கிடைத்தது.

பங்குனி உத்திரத்தன்று வாசலில் ஆளை நிறுத்தினேன். முருகன் கோவில், உத்திரத் திருநாள். வந்து பதிந்த சுப்பிரமணியங்கள் மட்டும் ஏழு பேர், குடும்பத்தோடு. ஆப் அவர்களை மூன்று பேராகச் சுருக்கிக்கொண்டது. வாசலில் நின்ற ஆள் தலையை எண்ணி உள்ளே குரல் கொடுத்தார். நாங்கள் நாலு பேரும் "ஆச்சு" என்று திருப்பிச் சொல்லி, இன்னோர் உலை ஏற்றினோம்.

கடைசிப் பந்தி எழுந்தபோது மணி நாலரை. கையைத் துடைத்துக்கொண்டு நஸீமாவுக்குச் செய்தி அனுப்பினேன்: "நாலாவது வரி. ஒரே பேர்ல ஏழு பேர் வந்தாங்க. ஆப் மூணுன்னு காட்டுச்சு."

உடனே பதில் வந்தது. எந்தத் திரையில், எந்தப் பதிப்பில் என்றெல்லாம் கேட்பாள் என்று நினைத்தேன்.

"ஏழு பேரும் சாப்பிட்டாங்களாக்கா?"

அந்த ஆபீஸிலிருந்து எனக்கு வந்த கேள்விகளிலேயே சோற்றைப் பற்றிய முதல் கேள்வி அது. "சாப்பிட்டாங்க," என்று அனுப்பிவிட்டு, எனக்கு ஓர் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.